10-க்கு 10 தையல் அறை, 6 தோழிகள், அளவு ஒத்து வராத குவில்ட் பிளாக்: என்ன பண்ணலாம்?

சூலூர் பாபின் கேட்டது:

வணக்கமுங்க. சூலூர், பல்லடம், கோபி, பொள்ளாச்சி, கரூர், பெருந்துறை என்று ஊருக்கு ஒருவராக 6 தோழிகள் சேர்ந்து குவில்ட் பிளாக் (ஒட்டுத்துணிப் போர்வையின் ஒரு சதுரம்) மாற்றிக்கொள்கிறோம். ஒவ்வொருவரும் 6 பிளாக் தைத்து, ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மீதி 5-ஐ ஆளுக்கு ஒன்றாக அனுப்புவது என்று பேச்சு. 2 சுற்று முடிந்தால் எல்லார் கையிலும் 12 பிளாக் இருக்கும். டிசைன் சாதாரண ஒன்பது கட்டம். 4½ அங்குலச் சதுரம் 9. தைத்த பிளாக் 12½ அங்குலம் வரவேண்டும், போர்வையில் சேர்ந்த பிறகு 12.

முதல் சுற்று வந்துவிட்டது. ஸ்கேல் வைத்துப் பார்த்தால் ஒன்று 12¼, ஒன்று 12⅝, மற்றதெல்லாம் நடுவில் எங்கேயோ நிற்கிறது. எல்லாரும் 4½ என்றுதான் வெட்டியிருக்கிறார்கள். இதைப் பிரிக்காமல் சரிக்கட்ட முடியுமா?

கூடவே இன்னும் சில கேள்விகள். தையலுக்கென்று 10-க்கு 10 அறை ஒன்றை ஒழித்து வைத்திருக்கிறேன். மேற்கே ஒரு ஜன்னல். மோட்டார் போட்ட கருப்பு மெஷின், வெட்ட ஒரு மேசை, இஸ்திரிப் பலகை. எதை எங்கே போடுவது? மேல்துணி, நடுவே வைக்கும் வாடிங் (பஞ்சு அடுக்கு), பின்பக்கத் துணி என்று மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போது பின்பக்கத் துணி மடிந்து மடிந்து வருகிறது, அது ஏன்? ஒரு பிளாக்கில் மெரூன் சாயம் வெள்ளைக் கட்டத்தில் இறங்கிவிட்டது. அதற்கும் வழி சொன்னால் நல்லதுங்க.

கரூர் மீட்டர்:

வெட்டில் பெரிய தப்பு இருக்காது. தையல் ஓரத்தை, அதாவது தையலுக்கும் துணி விளிம்புக்கும் நடுவே விடுகிற கால் அங்குலத்தைப் பாருங்கள்.

அளவுக் கணக்கில் கால் அங்குலம் என்பது 2 நூல். ஒரு தையலுக்கு இரண்டு துண்டும் ஓரம் கொடுக்கின்றன. ஓரம் அரை நூல் கூடிப்போனால் அந்த ஒரு தையலிலேயே 1 நூல் காலி. ஒன்பது கட்டத்தில் குறுக்கே 2 தையல், ஆக 2 நூல். 12½ அங்குலம் 12¼ ஆனது இப்படித்தான். 12⅝ அனுப்பியவர் எதிர்ப்பக்கம், அவருக்கு ஓரம் கால் நூல் குறைவு. கட்டம் பெரிதாக இருந்ததால் இவ்வளவோடு போயிற்று. குறுக்கே 8 துண்டு வரும் டிசைனில் 7 தையல் விழும். அதே அரை நூல் தப்புக்கு அங்கே முக்கால் அங்குலத்துக்கு மேல் போய்விடும்.

6 பேரும் அவரவர் மெஷினில் செய்ய வேண்டிய சோதனை இது. 1½ அங்குல அகலத்தில் 3 பட்டை வெட்டி நீளவாக்கில் ஒன்றோடொன்று தையுங்கள். தேய்த்த பிறகு நடுப்பட்டை சரியாக 1 அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் ஓரம் அதிகமாகப் பிடிக்கிறீர்கள், கூடினால் ஓரம் போதவில்லை. இன்னொரு விஷயம், தையலை மடித்துத் தேய்க்கும்போது துணியின் கனமும் நூலின் கனமும் கொஞ்சம் தின்னும். அதனால் ஊசி நேராகக் கால் அங்குலக் கோட்டில் விழக்கூடாது, ஒரு இழை வலப்பக்கம் தள்ளி விழ வேண்டும்.

பாதத்தின் ஓரத்தை வைத்துத் தைப்பதுதான் பெரும்பாலும் வம்பு. பாதத்துக்குப் பாதம் அகலம் மாறும். அக்ரிலிக் ஸ்கேலைப் பாதத்துக்கடியில் வைத்து, கைச்சக்கரத்தைச் சுற்றி ஊசியைக் கால் அங்குலக் கோட்டை ஒட்டி மெதுவாக இறக்குங்கள். பாதத்தை இறக்கி ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு, ஸ்கேலின் வலது விளிம்பை ஒட்டி மாஸ்கிங் டேப்பை 4, 5 அடுக்கு ஒட்டுங்கள். பழைய ஏ.டி.எம். கார்டில் ஒரு துண்டு வெட்டி இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டினால் இன்னும் நல்லது. துணியை நகர்த்தும் பல்லின் மேல் ஏறாமல், அதற்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும்.

அங்குல டேப்பை வைத்து வெட்ட வேண்டாம். துணி டேப் நாளாக நாளாக நீளும். 6 பேரும் ஒரே கம்பெனியின் 6-க்கு 24 ஸ்கேலை வாங்கிவிடுங்கள்.

வந்த பிளாக்குக்கு இரண்டு வழி உண்டு. ஒன்பது கட்டத்தில் முனை எதுவும் இல்லாததால் எல்லாவற்றையும் 12¼-க்கு வெட்டிவிடலாம். 12⅝ பிளாக்கில் பக்கத்துக்கு ஒன்றரை நூல் போகும், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒரே பக்கத்தில் வெட்டக்கூடாது. பிளாக்கின் நடுவைக் குறித்து நான்கு பக்கமும் சமமாக எடுக்க வேண்டும். வேறொரு தோழி நட்சத்திரம், முக்கோணம் என்று ஏதாவது அனுப்பியிருந்தால் இந்த வழி ஆகாது, முனை வெட்டுப்பட்டுப் போகும். அதற்கு நான்கு பக்கமும் 1½ அங்குலப் பட்டை தைத்துவிட்டு எல்லாவற்றையும் 14 அங்குலத்துக்கு வெட்டுங்கள். சட்டமாக நிற்கும் அந்தப் பட்டையில் ஒன்றரை நூல் கூடக்குறைய இருக்கும், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். இழுத்துப் பிடித்துத் தேய்த்து 12½ ஆக்குகிற வேலை மட்டும் வேண்டாம். முதல் சலவையில் பழைய அளவுக்கே திரும்பிவிடும்.

தேய்ப்பதும் ஒரு காரணம்தான். சட்டைக்குத் தேய்க்கிற மாதிரி பெட்டியை இழுத்தால் துண்டு வில்லாக வளையும். வைத்து, அமுக்கி, எடுக்க வேண்டும். மேல் வரிசையிலும் கீழ் வரிசையிலும் தையலை வெளிப்பக்கமாகவும் நடு வரிசையில் உள்பக்கமாகவும் சாய்த்துத் தேய்த்தால், வரிசைகளைச் சேர்க்கும்போது ஓரங்கள் எதிரெதிராகப் பூட்டிக்கொள்ளும். மூலைகள் தானாக நேராக நிற்கும், குண்டூசிகூட அதிகம் தேவைப்படாது.

பல்லடம் ஆயில்கேன்:

அக்கா, அறைக்கு வர்றனுங்க.

மெஷினை வடமேற்கு மூலைல போடுங்க. வடக்குச் சுவத்தைப் பாத்து உக்காந்தா இடது கைப்பக்கம் மேக்குச் சுவரு வரும். குவில்ட்டோட கனம் பூராவும் இடதுபக்கமும் பின்னாலயும்தான் போகுமுங்க. ரெண்டு பக்கமும் சுவரு இருந்தா துணி மேசைய விட்டுக் கீழ விழாது. கீழ தொங்குச்சுன்னா ஊசிய இழுக்கும், தையல் ஒண்ணு சிறுசும் ஒண்ணு பெருசுமா வரும், ஊசி வளைஞ்சு தட்டுல மோதி ஒடையும். கருப்பு மெஷின் மேசைக்குள்ளயே பதிஞ்சு சமமா இருக்கறது நெம்ப நல்லதுங்க. புது மாடல் எடுத்துப்போட்ட மெஷினா இருந்தா சுத்தியும் அதே ஒசரத்துக்குப் பலகை அடிக்கோணும்.

சன்னல் இடதுபக்கம் வர்றதுல இன்னொரு லாபம், மெஷினோட தூணு வலதுபக்கம் இருக்கறதால நிழல் ஊசி மேல விழாது. ஆனா மேக்கு வெயிலு பொழுதோட மூஞ்சில அடிக்கும், துணியும் வெளுக்கும். காடா துணில ஒரு திரை போட்ருங்க. துணி அடுக்கற செல்ஃபை சன்னலு இருக்கற சுவத்துலயே போடுங்க, அங்க நேர் வெயிலு விழாது. எதுத்த சுவத்துல போட்டா மடிப்பு மடிப்பா நெறம் போயிரும். ஆடிக் காத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமிருந்து வர்ற புழுதிய நம்ம ஊர்ல சொல்லவே வேண்டாம். சன்னலுக்கு வலையும், மெஷினுக்கு உறையும் கட்டாயம் வேணுமுங்க. புழுதியும் பஞ்சும் எண்ணையும் சேந்தா சட்டில்ல களியா கெட்டிப்பட்டு நூலு அறும்.

வெட்டற மேசை 36 அங்குல ஒசரம் இருக்கோணும். சாப்பாட்டு மேசை 30 தான் இருக்கும், அதுல குனிஞ்சு வெட்டுனா இடுப்பு போயிரும். பழைய கதவுப் பலகை ஒண்ணை ரெண்டு சின்ன பீரோ மேல போட்டாலும் மேசைதான். 24-க்கு 36 வெட்டு மேட்டு அதுல தாராளமா உக்காரும். மேட்டை வெயில்லயோ சூடான பெட்டிக்குப் பக்கத்துலயோ வெச்சா வளைஞ்சுக்கும், அப்பறம் நிமிரவே நிமிராது.

கரண்டு விசயத்தைக் கவனிங்க. சாதா இஸ்திரிப் பெட்டி 1000 வாட்டு, 4 ஆம்பியர் சொச்சம் இழுக்கும், 6 ஆம்பியர் பிளக்கே தாங்கும். ஸ்டீம் பெட்டி 2000 வாட்டுன்னா 9 ஆம்பியருக்குப் பக்கமாப் போகும். அதுக்கு 16 ஆம்பியர் பவர் பிளக் தனியா வேணும். மெஷின் மோட்டாரு, லைட்டு, ஸ்டீம் பெட்டி மூணையும் ஒரே எக்ஸ்டென்சன் பெட்டில சொருகாதீங்க, வயரு உருகும். ஸ்டீம் பெட்டிக்குப் போர் தண்ணி ஊத்துனா உப்பு அடைச்சு, வெள்ளைத் துணில பழுப்பா துப்பும். சிறுவாணித் தண்ணியோ ஆர்.ஓ. தண்ணியோ ஊத்துங்க.

பின்னால மடியறதுக்கு மெஷின் பக்கமிருந்து காரணம் சொல்றன். பாதத்து அழுத்தம் எச்சா இருந்தா மேல்துணிய முன்னாடி தள்ளிட்டே போகும். மேல இருக்கற அழுத்தத் திருகை ரெண்டு சுத்து தளத்துங்க. தையல் நீளம் பிளாக்குக்கு 2 மில்லிமீட்டர், மூணு அடுக்குக்கு 3 வரைக்கும் வெக்கலாம். ஊசி பிளாக்குக்கு 11, அடுக்குக்கு 14. எட்டு மணி நேரம் ஓடுன ஊசிய மாத்திப்போடுங்க, மொன்னை ஊசி வாடிங்கைப் பின்பக்கம் புடிச்சுத் தள்ளிவுட்ரும். மேல்துணியையும் சேத்து நகத்தற பாதம், வாக்கிங் ஃபுட், வாங்கறதுன்னா மெஷினைக் கொண்டுபோய் மாட்டிப் பாத்துட்டு வாங்குங்க. கருப்பு மெஷினுக்குப் பல்லு குறுகலு. பாதம் அகலமா இருந்தா மேல்பல்லும் கீழ்ப்பல்லும் நேருக்கு நேர் வராது, காசு தண்டம்.

கோபி கஞ்சி:

சாயத்துக்கும் சுருக்கத்துக்கும் நான் சொல்கிறேன்.

பாப்லின் முதல் சலவையில் நூற்றுக்கு 3-லிருந்து 5 வரை சுருங்கும். 4 என்றே வைத்தாலும் 12 அங்குலப் பிளாக்கில் அரை அங்குலம். ஒருவர் கழுவிய துணியிலும் இன்னொருவர் கழுவாத துணியிலும் தைத்து ஒரே போர்வையில் சேர்ந்தால் ஒரு பிளாக் சுருங்கும், பக்கத்துப் பிளாக் சுருங்காது. மாற்றிக்கொள்கிறவர்களுக்குள் முதலில் பேச வேண்டியது நிறமோ டிசைனோ இல்லை, எல்லாரும் கழுவுகிறோமா, ஒருவரும் கழுவுவதில்லையா என்பதுதான். நம்ம ஊர்த் துணிக்குக் கழுவுவதே பத்திரம்.

கழுவும் முன் நான்கு மூலையையும் சின்னதாகக் கத்தரித்துவிட்டால் நூல் பிரிந்து பின்னிக்கொள்ளாது. 10 அங்குலத்துக்குக் குறைந்த துண்டுகளை வாஷிங் மெஷினில் போடாதீர்கள். வெந்நீரில் அரை மணி ஊறவைத்துப் பிழியாமல் அமுக்கி எடுத்தால் போதும்.

சாயச் சோதனைக்கு, சந்தேகப்படும் துணியில் 2 அங்குலத் துண்டு வெட்டி, ஒரு கண்ணாடி டம்ளரில் வெந்நீரும் ரெண்டு சொட்டு சலவைத் திரவமும் ஊற்றி அரை மணி வையுங்கள். பிறகு ஈரத்தோடு எடுத்து வெள்ளைத் துணி மேல் வைத்துக் காயவிடுங்கள். தண்ணீர் நிறம் மாறியும் வெள்ளைத் துணி சுத்தமாக இருந்தால் பிரச்சினை குறைவு. வெள்ளைத் துணியில் கறை நின்றால் அந்தத் துணி குவில்ட்டுக்கு வேண்டாம், பைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மெரூன், கருநீலம், கருப்பு, அடர் பச்சை நான்கையும் கேட்காமலே சோதியுங்கள்.

உப்பிலோ வினிகரிலோ ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். பருத்தியில் பிடிக்காமல் மிஞ்சிய சாயத்தை இரண்டும் பிடித்து வைக்காது. அது போக வேண்டியது, சூடான சோப்புத் தண்ணீரில் கழுவிக் கழுவித்தான் போகும்.

இறங்கிவிட்ட பிளாக்கைக் காயவிடாதீர்கள், தேய்க்கவே தேய்க்காதீர்கள். பெரிய பக்கெட்டில் கை பொறுக்க முடியாத அளவு சூட்டில், 60 டிகிரி சுமாருக்கு, நிறையத் தண்ணீரும் சலவைத் திரவமும் விட்டு முழுக அமுக்கி மூடி வையுங்கள். தண்ணீர் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்குச் சாயம் திரும்ப ஒட்டாது. ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் தண்ணீர் இன்னும் சிவப்பாக இருந்தால் மாற்றி மறுபடியும். காய்ந்து போன கறைக்கும் இதைச் செய்து பார்க்கலாம், நேரம்தான் அதிகமாகும்.

அளவு சரியாக வர இன்னொரு உபாயம் கஞ்சி. மல் துணி, பழைய சேலைத் துணி எல்லாம் வெட்டும்போதே நெளியும். 1 லிட்டர் தண்ணீருக்கு 1 மேசைக்கரண்டி ஜவ்வரிசி போட்டுக் கண்ணாடி மாதிரி ஆகும்வரை காய்ச்சி, மல் துணியில் வடிகட்டுங்கள். வடிகட்டாவிட்டால் கட்டி இஸ்திரிப் பெட்டியில் கருகிப் பழுப்புப் புள்ளி விழும். கஞ்சியில் நனைத்து நிழலில் உலர்த்தி, அரை ஈரத்தில் தேய்த்து, அதற்குப் பிறகு வெட்டுங்கள். வெட்டின பிறகு கஞ்சி போட்டால் சதுரம் சதுரமாக இருக்காது. கஞ்சி போட்ட துணியை அட்டாலியில் மாதக்கணக்கில் போட்டு வைத்தால் ராமபாணப் பூச்சி வரும். தைக்கிற அளவுக்கு மட்டும் போடுங்கள்.

சூலூர் பாபின்:

ஏனுங்க, ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். பொள்ளாச்சித் தோழி அனுப்பிய பிளாக்கில் 4 கட்டம் திருப்பூர் பனியன் வெட்டுத்துணி. அந்தப் பிளாக்தான் தட்டையாகவே உட்காரவில்லை. பனியனும் பாப்லினும் சேர்க்கவே கூடாதா? அப்புறம் 12 பிளாக்குக்கு மொத்தத் துணி எவ்வளவு வாங்க வேண்டும், உள்ளே என்ன வைப்பது?

திருப்பூர் வெட்டுத்துணி:

சேக்கலாங்க, ஆனா பனியனை நீட்டமுடியாத துணியா மாத்திட்டுத்தான் சேக்கோணும்.

கிலோ கணக்குல வாங்கற வெட்டுத்துணில சிங்கிள் ஜெர்சி, இன்டர்லாக், ரிப், லைக்ரா எல்லாம் கலந்து கெடக்கும். மொதல்ல பிரிச்சிருங்க. குறுக்க இழுத்தா ஓரம் சுருண்டுக்கறது சிங்கிள் ஜெர்சி. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வழவழன்னு, சுருளாம இருந்தா இன்டர்லாக், குவில்ட்டுக்கு அதுதான் சொகம். ரிப்பும் லைக்ராவும் வேண்டாம், எவ்வளவு பண்ணாலும் இழுத்துக்கும். பருத்தியா பாலியஸ்டரான்னு சந்தேகம் வந்தா ஒரு நூலை உருவிக் கொளுத்துங்க. காயிதம் எரியற வாசத்தோட சாம்பலாப் போனா பருத்தி, கருப்பா உருண்டு கெட்டிப்பட்டா பாலியஸ்டர்.

பனியன் 5-லிருந்து 8 சதவீதம் சுருங்கும். மொதல்ல அலசிக் காய வெச்சு, வெட்டறதுக்கு முன்னால பின்பக்கம் மெல்லிசான ஒட்டுக் கேன்வாஸ் தேச்சு ஒட்டுங்க. பெட்டிய இழுக்காம ஒரு எடத்துல 10, 15 வினாடி அமுக்கி, எடுத்து அடுத்த எடத்துல வெக்கோணும். ஆறுன பொறவு தூக்குங்க, சூட்டோட தூக்குனா பிரிஞ்சுக்கும். அப்பறம் 4½-க்கு வெட்டுங்க. ஊசி பால் பாயின்ட் 11. கூர் ஊசி போட்டா கண்ணி அறுந்து ஓட்டை விழும், அது தைக்கறப்பத் தெரியாது, துவைச்ச பொறவு தெரியும். தைக்கறப்பப் பாப்லின் மேலயும் பனியன் அடியிலயும், பல்லுப் பக்கமா இருக்கட்டும்.

வந்த பிளாக்குல பனியன் கட்டத்தை மட்டும் பிரிச்சு, கேன்வாஸ் ஒட்டித் திரும்ப வெட்டித் தையுங்க. கட்டம் நீண்டு போயிருந்தா சிறுசா வெட்டிரலாம், அதனால துணி பத்தாமப் போகாது.

கரூர் மீட்டர்:

கணக்கு: 3-க்கு 4 பிளாக், நடுவிலும் சுற்றியும் 2 அங்குலப் பட்டை, வெளியே 4 அங்குல பார்டர். போர்வை 52-க்கு 66 அங்குலம் வரும். வந்த பிளாக்குகளை 12¼-க்கு வெட்டினால் கொஞ்சம் குறையும், வாங்கும் துணி மாறாது.

44 அங்குல அகலத் துணியில், கரை போக 42 என்று வைத்துச் சொல்கிறேன். ஒன்பது கட்டத்துக்கு அடர் நிறச் சதுரம் 60, வெளிர் 48. ஒரு பட்டையில் 9 சதுரம். அடர் நிறம் 7 பட்டை, 31½ அங்குலம், 1 மீட்டர் வாங்குங்கள். வெளிர் 6 பட்டை, 27 அங்குலம், முக்கால் மீட்டர் பற்றியும் பற்றாததுமாக வரும், சுருக்கத்துக்கும் சேர்த்து 1 மீட்டரே எடுத்துவிடுங்கள். இடைப்பட்டையும் பார்டரும் ஒரே துணியில் என்றால் 57 அங்குலம், 1¾ மீட்டர். போர்வையின் விளிம்பை மடித்து மூடும் சுற்றுப்பட்டைக்கு 2½ அங்குலத்தில் 6 பட்டை போதும் என்று கணக்கு காட்டும். ஆனால் சாய்வாக இணைக்கும்போது இணைப்புக்கு 2½ அங்குலம் போகும், கடைசியில் முடிச்சுக்கு நீளம் இருக்காது. 7 பட்டை வெட்டுங்கள், அரை மீட்டர்.

பின்பக்கத் துணியும் வாடிங்கும் நான்கு பக்கமும் 4 அங்குலம் கூட இருக்க வேண்டும், 60-க்கு 74. 90 அங்குல அகலப் படுக்கை விரிப்புத் துணியாக வாங்கினால் 1¾ மீட்டரில் இணைப்பே இல்லாமல் முடியும். சென்னிமலை, ஈரோடு, எங்கள் கரூர் எங்கே கேட்டாலும் கிடைக்கும். ஈரோடு கனி மார்க்கெட் வாரச்சந்தை திங்கள் ராத்திரி தொடங்கிச் செவ்வாய் நடக்கும், மொத்தமாக வாங்க 6 பேரும் சேர்ந்து போகலாம். அழகாக இருக்கிறதென்று பவானி ஜமக்காளத்தைப் பின்பக்கம் போடுகிற யோசனை யாருக்காவது வந்தால் விட்டுவிடுங்கள். அந்தக் கனத்துக்கு வீட்டு மெஷின் ஊசி தாங்காது.

உள்ளே வைக்க, சூட்டில் ஒட்டிய பாலியஸ்டர் வாடிங் 100 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 100 கிராம்) போதும். 200 ஜி.எஸ்.எம். ஊட்டி, வால்பாறைக்கு.

பின்பக்கம் மடிவதற்குப் பெரிய காரணம் அடுக்குகிற விதம். மொசைக் தரையில் பின்பக்கத் துணியைத் தலைகீழாக விரித்து, நான்கு பக்க நடுவிலும் முதலில், பிறகு மூலைகளிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். விறைப்பாக இருக்க வேண்டும், இழுபட்டிருக்கக் கூடாது. இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் துணி சுருங்கிக்கொண்டு, நீங்கள் சொன்ன அதே மடிப்பு வரும். மேலே வாடிங், அதற்கு மேல் பிளாக் சேர்த்த மேல்துணி. நடுவிலிருந்து வெளியே நோக்கி 4 அங்குலத்துக்கு ஒரு சேஃப்டி பின். இந்த அளவுக்கு 200 பின்னுக்கு மேல் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பின்னோடு நாள்கணக்கில் போட்டு வைத்தால் துருக் கறை விழும். தையலும் நடுவிலிருந்து தொடங்க வேண்டும். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் மிச்சத் துணி எல்லாம் நடுவில் வந்து குமியும், அதைத் தள்ள இடமே இருக்காது.

கோபி கஞ்சி:

வாடிங்கில் மட்டும் மாறுபடுகிறேன். கோயமுத்தூர், ஈரோடு வெயிலுக்குப் பாலியஸ்டர் வைத்த போர்வையைச் சித்திரையில் எடுக்கவே முடியாது. பழைய நூல் வேட்டியை இரண்டு மடிப்பாக உள்ளே வையுங்கள். சுருங்க வேண்டியது எல்லாம் எப்போதோ சுருங்கி முடிந்திருக்கும், துவைத்தால் சீக்கிரம் காயும், கருப்பு மெஷினும் சிரமப்படாமல் தைக்கும். கரை இருந்தால் வெட்டிவிடுங்கள், வெளிர் துணி வழியாகத் தெரியும். உதிரிப் பஞ்சோ இலவம் பஞ்சோ வைத்தால் 2 அங்குலத்துக்கு ஒரு தையல் போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே ஒரு மூலையில் போய் உருண்டுகொள்ளும்.

பல்லடத்துத் தம்பி இஸ்திரிப் பலகையைப் பற்றிச் சொல்லவில்லை. மெஷினுக்கு வலப்பக்கம், உட்கார்ந்த இடத்திலிருந்து திரும்பினால் எட்டுகிற மாதிரி 12-க்கு 18 அளவில் சின்னப் பலகை ஒன்று வேண்டும். ஒவ்வொரு தையலுக்கும் எழுந்து போக வேண்டியிருந்தால் கொஞ்ச நேரத்தில் தேய்க்காமலே அடுத்ததைத் தைக்க ஆரம்பித்துவிடுவோம், அளவு போவது அங்கேதான்.

பல்லடம் ஆயில்கேன்:

எந்திரிச்சுப் போய்த் தேச்சா இடுப்புக்கு நல்லதுங்க அக்கா, எல்லாத்தையும் உக்காந்தே பண்ணாதீங்க. 10-க்கு 10-ல ரெண்டு எட்டுதான். ஆனா சீலிங் ஃபேனை நிறுத்திட்டுப் போங்க, இல்லைன்னா திரும்பி வர்றதுக்குள்ள அடுக்கி வெச்ச 9 சதுரமும் பறந்திருக்கும்.

பெருந்துறை விளிம்பு:

போர்வையை யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் சில விஷயம்.

குழந்தை பிறந்த வீட்டுக்குக் கொடுத்தால், ஒரு வயது முடியும்வரை தூங்கும்போது போர்த்தக் கூடாது, தரையில் விரித்து விளையாட விடத்தான் என்று சொல்லிக் கொடுங்கள். குப்புறக் கவிழ்ந்தால் முகத்தை மூடிக்கொள்ளும். பட்டன், மணி, லேஸ் எதுவும் வைக்க வேண்டாம்.

மிஞ்சின துண்டில் பிடிதுணி தைத்துக் கொடுப்பவர்கள் உள்ளே பருத்தி மட்டும் வையுங்கள். 8-க்கு 8 அளவில் பழைய துண்டுத் துணி இரண்டு அடுக்கு. பாலியஸ்டர் வாடிங் வைத்தால் தோசைக்கல் சூட்டுக்கு உருகிக் கையில் ஒட்டும். நூலும் பருத்தி நூலாக இருக்கட்டும்.

பின்பக்க மூலையில் ஒரு வெள்ளைத் துணி லேபிள் தைத்து, துவைக்கும் முறையை அதிலேயே எழுதிவிடுங்கள். சாதாரணத் தண்ணீர், தனியாக, நிழலில் உலர்த்தவும், அவ்வளவுதான். அழியாத மையில் எழுதி ஒருமுறை தேய்த்துவிட்டால் நிற்கும். தாளில் எழுதிக் கொடுத்தால் ஒறம்பரை வந்து போகிற வீட்டில் அது எங்கே போயிற்று என்றே தெரியாது.

இரண்டாம் சுற்றுக்கு ஒரு யோசனை. 6 பேரும் ஆளுக்கு ஒரே ஒரு பிளாக் மட்டும் முதலில் தைத்து, ஒருவர் வீட்டுக்கு அனுப்புங்கள். அவர் எல்லாவற்றையும் ஒரே ஸ்கேலில் அளந்து, யாருக்கு எத்தனை நூல் கூட, எத்தனை நூல் குறைவு என்று சொன்ன பிறகு மீதி 5-ஐத் தைக்கலாம். அனுப்பும்போது நான்காக மடிக்க வேண்டாம், மடிப்பு தையலில் விழுந்தால் சதுரம் கோணும். பழைய சேலை அட்டை உருளையில் சுற்றி அனுப்புங்கள். அந்துருண்டை வாசம் சிலருக்கு ஒத்துக்காது, துணியோடு போடாதீர்கள்.

சூலூர் பாபின்:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். 3 பட்டைச் சோதனையை இப்போதுதான் போட்டுப் பார்த்தேன், நடுப்பட்டை ஒரு அங்குலத்துக்கு 1 நூல் குறைவு. 12¼ யாருடையது என்று குழுவில் சொல்லிவிடுகிறேன்.